நூற்றுக்கு நான்கு பேர்: எந்த நூற்றில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வின் முடிவு வெளியாகி, தைப்பூசக் காவடிக்கு வீடுகளில் விரதம் தொடங்கும் நாட்களில்தான் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல்கலைக்கழகச் செய்திகளும் வரிசையாக வரும். அவற்றில் ஒரு வரி எந்த ஆண்டும் தவறுவதில்லை: இத்தனை ஆயிரம் இடத்துக்கு இத்தனை லட்சம் விண்ணப்பம், ஆகவே நூற்றுக்கு இத்தனை பேருக்குத்தான் இடம். உங்கள் இதழிலும் நூற்றுக்கு நான்கு பேர் என்று அப்படி ஒரு செய்தி வந்தது. எண்ணில் பொய் இல்லை. ஆனால் ஜனவரியில் படித்த அந்த வரி செப்டம்பர் வரை மனத்தில் தங்கிவிடுகிறது. சிஏஓ என்ற மைய விண்ணப்ப அலுவலகத்தின் படிவத்தை நிரப்ப உட்காரும்போது, ‘அங்கே நூற்றுக்கு நாலு பேரைத்தான் எடுக்கிறார்களாம், நமக்கு எதற்கு’ என்று, நல்ல மதிப்பெண் உள்ள பிள்ளையின் முதல் விருப்பத்தை அடித்துவிட்டு வேறு எழுதும் பெற்றோர் இந்நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் குறைவில்லை. இதற்கு நேர்மாறாக, ‘அங்கே நூற்றுக்கு நாற்பது பேருக்குக் கிடைக்கிறதாம்’ என்று நம்பி, தேவையான பாடமே எடுக்காமல் விண்ணப்பம் போடுவோரும் உண்டு. சேர்க்கை விகிதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, எந்த இடத்தில் அது நம்மைத் தடம் மாற்றுகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறோம்.

கணக்கு ஒரு வரிதான். இடம் பெற்றவர் எண்ணிக்கையை விண்ணப்பித்தவர் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். மேலே யாரை எண்ணினார்கள், கீழே யாரை எண்ணினார்கள், எந்தத் தேதியில் எண்ணினார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாதவரை, வரும் விடைக்குப் பொருள் கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாங்களாக வைத்தவை. ஆனால் சேர்க்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் போக்கு பழகியதாகவே இருக்கும். ஒரு பொறியியல் துறையில் முதலாண்டுக்கு 100 இடம். அந்தத் துறையைத் தம் விருப்பப் பட்டியலில் எங்காவது ஓரிடத்தில் குறித்தவர்கள் 6,000 பேர். இதில் 2,400 பேரின் விண்ணப்பம் பரிசீலனைக்கே வராது. கட்டணம் கட்டாதவர்கள், பதினோராம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை இணைக்காதவர்கள், இயற்பியல் அறிவியல் பாடம் எடுக்காதவர்கள், கணிதத்துக்குப் பதிலாக மேதமேட்டிகல் லிட்ரசி என்ற எளிய கணக்குப் பாடத்தை எடுத்தவர்கள் எல்லாரும் அதற்குள் அடக்கம். (லிட்ரசியில் 90 வாங்கினாலும் பொறியியலுக்கு அது கணிதம் ஆகாது. பத்தாம் வகுப்பில் செய்த அந்தத் தெரிவின் விலை பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரியவருகிறது.) எஞ்சியவர்கள் 3,600. அவர்களில் இந்தத் துறையை முதல் விருப்பமாக வைத்தவர்கள் 900. துறை மொத்தம் 250 பேருக்கு இடம் தருவதாகக் கடிதம் அனுப்புகிறது. அதில் 200 பேர் முதல் விருப்பக்காரர்கள். கடிதம் பெற்றவர்களில் 40 பேர் இறுதித் தேர்வில் நிபந்தனை மதிப்பெண்ணை எட்டவில்லை. 110 பேர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள், அல்லது பணம் புரட்ட முடியாமல் நின்றுவிட்டார்கள். பதிவு செய்தவர்கள் 100.

இப்போது இந்தத் துறையின் சேர்க்கை விகிதம் என்ன? பதிவு செய்தவரை மொத்த விண்ணப்பத்தால் வகுத்தால் 1.7 சதவீதம். கடிதம் பெற்றவரை மொத்த விண்ணப்பத்தால் வகுத்தால் 4.2. கடிதம் பெற்றவரைத் தகுதியான விண்ணப்பத்தால் வகுத்தால் 6.9. தகுதியும் இருந்து, முதல் விருப்பமாகவும் வைத்தவர்களுக்குள் பார்த்தால் 22.2. நான்கும் சரியான கணக்கு. சிறியதற்கும் பெரியதற்கும் பதின்மூன்று மடங்கு வித்தியாசம். விளம்பரத்தில் ‘எவ்வளவு கடினமான துறை பாருங்கள்’ என்று காட்ட நினைப்பவர் முதல் எண்ணை எடுப்பார். தகுதிப் பாடங்களும் மதிப்பெண்ணும் உள்ள பிள்ளையின் வீட்டில் பார்க்கவேண்டியது கடைசி எண். அதை யாரும் அச்சிடுவதில்லை.

கீழே உள்ள எண் நம் நாட்டில் ஏன் இப்படி வீங்குகிறது என்பதற்குக் காரணம் எளிது. எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் சிஏஓ வழியாக ஒரே கட்டணத்தில் ஆறு படிப்புகள் வரை குறிக்கலாம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மங்கோசுத்து, சூலுலாந்து நான்கும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆறு வரி இருந்தால் ஆறையும் நிரப்புவதுதான் மனித இயல்பு. ஆகவே ஒரு பிள்ளை ஆறு இடத்தில் ‘விண்ணப்பித்தவர்’ என்று எண்ணப்படலாம். அதே பிள்ளை ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் கேப்டவுனுக்கும் பிரிட்டோரியாவுக்கும் தனியாக அனுப்பியிருந்தால் அங்கேயும் ஒவ்வொரு தலை கூடுகிறது. பல்கலைக்கழகம் ‘ஒரு லட்சம் விண்ணப்பம்’ என்று சொல்லும்போது அது ஒரு லட்சம் பிள்ளைகளா, ஒரு லட்சம் விருப்ப வரிகளா என்று நிருபர் கேட்டாக வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று நான்கு மடங்கு போகும்.

இதை ஒரு சின்னக் கணக்கில் உறுதி செய்துகொள்ளலாம். பத்துப் பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றிலும் 1,000 இடம். பிள்ளைகள் 10,000 பேர். எல்லாரும் பத்துக்கும் விண்ணப்பிக்கிறார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் 10,000 விண்ணப்பம் வந்திருக்கும், 1,000 பேர் சேர்ந்திருப்பார்கள். பத்தும் தனித்தனியே ‘நூற்றுக்குப் பத்துப் பேர்தான்’ என்று அறிக்கை விடும். ஆனால் இடம் கிடைக்காத பிள்ளை ஒன்றுகூட இருக்காது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதே பத்துப் பல்கலைக்கழகங்களிலும் வேறு படிப்புகளுக்கு இன்னும் பத்து விண்ணப்பம் கூடுதலாகப் போட்டால், விண்ணப்ப வரிகளை எண்ணும் விகிதங்கள் எல்லாம் சரியும். இடமோ பிள்ளையோ ஒன்றுகூட மாறியிருக்காது.

நாட்டளவில் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 2024 மெட்ரிக்கில் தேறியவர்கள் 6,15,429 பேர். அவர்களில் பட்டப்படிப்புக்குத் தகுதியான பேச்சலர் தேர்ச்சி பெற்றவர்கள் 3,37,158 பேர். அடுத்த ஆண்டுக்கு 26 அரசுப் பல்கலைக்கழகங்களிலும் சேர்த்து முதலாண்டு இடம் ஏறக்குறைய 2 லட்சம். அந்த இடங்களில் டிப்ளமோ, உயர் சான்றிதழ் படிப்புகளும் உண்டு, முந்தைய ஆண்டுகளில் தேறியவர்களும் போட்டிக்கு வருவார்கள் என்பதால் நேராக வகுத்துவிட முடியாது. இருந்தாலும் நிலைமை ‘நூற்றுக்கு நாலு’ அல்ல என்பது கண்ணுக்கு முன்னே இருக்கிறது. பற்றாக்குறை உண்மையானது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியே சொல்லும் விகிதம் அதைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

இனி மேலே உள்ள எண். ‘இடம் பெற்றவர்’ என்பதில் குறைந்தது மூன்று வகையினர் கலந்திருக்கிறார்கள். பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணையோ பன்னிரண்டாம் வகுப்பு இடைத் தேர்வையோ வைத்துக் நிபந்தனையோடு கிடைக்கும் கண்டிஷனல் ஆஃபர் ஒன்று. மெட்ரிக் முடிவு வந்தபின் உறுதியாகும் ஃபெர்ம் ஆஃபர் ஒன்று. பணம் கட்டிப் பதிவு செய்தவர் மூன்றாவது. அமெரிக்காவில் சேர்க்கை விகிதம் என்றால் மேலே நிற்பது கடிதம் பெற்றவர். இங்கே பத்திரிகையில் வரும் விகிதத்தில் பெரும்பாலும் மேலே நிற்பது இடங்களின் எண்ணிக்கை, அதாவது கடைசியில் பதிவு செய்யப்போகிறவர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘ஹார்வர்டைவிட நம்ம ஊரில் கடினம்’ என்று எழுதுவது தப்புக் கணக்கு.

100 இடத்துக்கு ஏன் 250 கடிதம் என்று கேட்கலாம். கடிதம் பெற்றவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்வார்கள் என்பதைச் சேர்க்கை அலுவலர் கடந்த சில ஆண்டுகளின் பதிவிலிருந்து எடுக்கிறார். நூற்றுக்கு 40 பேர் வருவார்கள் என்று தெரிந்தால் 100-ஐ 0.40-ஆல் வகுக்கிறார், 250. இந்த ஊகம் தப்பினால் இரண்டு பக்கமும் அடி விழும். 40-க்குப் பதில் 50 பேர் வந்தால் 125 பேர் வந்து நிற்பார்கள். ஆய்வுக்கூட மேசை போதாது, உயர்கல்வித் துறையுடன் ஒப்புக்கொண்ட சேர்க்கை இலக்கும் மீறப்படும். 30 பேரே வந்தால் 75. அரசு மானியத்தில் துண்டு விழும். எனவே அனுபவமுள்ள அலுவலர் 250 கடிதத்தையும் ஒரே நாளில் அனுப்பமாட்டார். நவம்பர், டிசம்பருக்குள் 180 போகும். மெட்ரிக் முடிவு வந்து, நிபந்தனை தவறியவர்கள் விலகியபின், மீதி 70 காத்திருப்புப் பட்டியலிலிருந்து போகும்.

தேதி முக்கியமாவது இங்கேதான். டிசம்பரில் எண்ணினால் அந்தத் துறையின் விகிதம் 3.0 சதவீதம், பிப்ரவரியில் எண்ணினால் 4.2. அதே துறை, அதே ஆண்டு. காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் பிள்ளையை ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவிடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். ஜனவரி மூன்றாம் வாரத்தில் வரும் குறுஞ்செய்திக்கு இரண்டொரு நாளில் பதில் போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண் மாறியிருந்தால் உடனே மாற்றிக் கொடுங்கள். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரி டிசம்பரோடு முடங்கிவிடும் என்பதும் பலருக்கு நினைவிருப்பதில்லை.

அமெரிக்காவில் இந்தக் குழப்பம் ஓரளவு குறைவு. காரணம், அங்கே எண்ணும் முறைக்கு எழுத்து வடிவில் விதி இருக்கிறது. காமன் டேட்டா செட் என்ற பொது வினாப்படிவத்தை அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் நிரப்பி வெளியிடுகின்றன. அதில் சி பகுதியின் முதல் கேள்வியில் முதலாண்டுக்கு விண்ணப்பித்தவர், இடம் பெற்றவர், சேர்ந்தவர் என்ற மூன்று எண்ணும் வரும். தேவையானவற்றையெல்லாம் கொடுத்து விண்ணப்பத்தை முடித்து, இடம் உண்டு, இல்லை, காத்திருப்பு, விலக்கிக்கொள்ளப்பட்டது என்ற நான்கில் ஒரு முடிவு தெரிவிக்கப்பட்டவரை மட்டுமே விண்ணப்பித்தவராக எண்ண வேண்டும் என்பது விதி. பாதியில் நின்ற விண்ணப்பம் கணக்கில் வராது. காத்திருப்பிலிருந்து பின்னால் எடுக்கப்பட்டவரை இடம் பெற்றவரோடு சேர்க்க வேண்டும். அதனால்தான் மார்ச் மாதச் செய்தியில் வரும் விகிதமும், பின்னால் அந்தப் படிவத்தில் வரும் விகிதமும் சற்று வேறுபடுகின்றன. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வருபவர்களுக்குத் தனிப் பகுதி. உங்கள் பிள்ளை அங்கே விண்ணப்பிப்பதாக இருந்தால் பல்கலைக்கழகப் பெயரோடு இந்தப் படிவத்தின் பெயரைச் சேர்த்துத் தேடி, சி பகுதியைப் படியுங்கள். தரவரிசைப் பட்டியல்களைவிட அது பயன் தரும்.

விதி இருந்தும் எண் என்ன செய்யும் என்பதற்கு ஹார்வர்டே சாட்சி. 2020-இல் அங்கே 40,248 பேர் விண்ணப்பித்து, மார்ச் அறிவிப்பில் 1,980 பேருக்கு இடம் கிடைத்தது, 4.9 சதவீதம். மறு ஆண்டு 57,435 பேர் விண்ணப்பித்து 1,968 பேருக்கு, 3.4 சதவீதம். கொடுத்த இடம் ஏறக்குறைய அதேதான். கொரோனாவால் எஸ்ஏடி போன்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்று அறிவித்ததும், அதுவரை தயங்கி நின்றவர்களும் விண்ணப்பித்தார்கள். கீழே உள்ள எண் 17,000 கூடியது. விகிதம் பத்தில் மூன்று பங்கு சரிந்தது. ஒரே ஆண்டில் ஹார்வர்டு அந்த அளவுக்குத் ‘தரம் உயர்ந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பல்கலைக்கழகத் தரவரிசை வெளியிடும் யுஎஸ் நியூஸ் இதழ் தன் கணக்கிலிருந்து சேர்க்கை விகிதத்தை 2018-இல் எடுத்தே விட்டது. நம் ஊர்க் கல்விக் கண்காட்சிகளில் கடைபோடும் முகவர்கள் மட்டும் இன்னும் அதையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே வெளிநாட்டு மாணவராக விண்ணப்பிப்போருக்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மொத்த விகிதம் உள்நாட்டாரையும் நம்மையும் சேர்த்துப் போட்ட சராசரி. எம்ஐடி இரண்டையும் பிரித்து வெளியிடுகிறது. அங்கே வெளிநாட்டாரின் விகிதம் உள்நாட்டாரின் விகிதத்தில் பாதிகூட வராது. உதவித்தொகை கேட்கிறீர்களா என்பதையும் பார்த்து முடிவெடுக்கும் பல்கலைக்கழகங்களே அதிகம் என்பதால், ராண்டில் சம்பளம் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு நிலைமை இன்னும் இறுக்கம். முன்கூட்டியே விண்ணப்பித்து, கிடைத்தால் சேர்ந்தே தீர்வேன் என்று கையெழுத்திடும் முறையில் விகிதம் கூடுதலாகத் தெரியும். விளையாட்டுக்காக முன்பே பேசி வைக்கப்பட்டவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கூடுதல் அவ்வளவு இராது. தவிர, வேறு இடத்தின் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும்.

பிரிட்டனில் வேறு கதை. யூகாஸ் என்ற மைய விண்ணப்ப அமைப்பின் வழியாக ஐந்து விருப்பம்தான். மருத்துவம் என்றால் நான்கு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் சுமார் 3,300 இடத்துக்கு 23,000-க்கு மேல் விண்ணப்பம் வருகிறது. ஏழு பேருக்கு ஒருவர். ஹார்வர்டில் மேலே சொன்ன 2021 கணக்கில் ஏறக்குறைய முப்பது பேருக்கு ஒருவர். அப்படியானால் ஆக்ஸ்ஃபோர்டு நான்கு மடங்கு எளிதா? அமெரிக்கப் பிள்ளை காமன் அப்ளிகேஷன் என்ற பொது விண்ணப்பத்தில் மட்டுமே 20 கல்லூரிக்கு அனுப்பலாம். ஒன்றில் அதிர்ஷ்டம் பார்ப்பதால் பெரிய நட்டமில்லை. பிரிட்டனில் ஐந்தில் ஒன்றைச் செலவழிப்பவர் யோசித்துத்தான் செலவழிப்பார். முன்கூட்டியே தம்மைத் தாமே வடிகட்டிக்கொண்டவர்கள்தான் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். இன்னொன்று: எல்லாரும் ஐந்து விருப்பத்தையும் நிரப்பி, ஒருவர் ஓரிடத்தில்தான் சேர முடியும் என்றால், சேர்ந்தவரை விண்ணப்ப வரிகளால் வகுக்கும் விகிதம் நாடு முழுவதும் சராசரியாக 20 சதவீதத்தைத் தாண்டவே முடியாது. அது கணக்கின் அமைப்பிலேயே உள்ள உச்சவரம்பு. சிஏஓவின் ஆறு வரிக்கு அது 16.7.

காவடி பார்க்க வந்த கூட்டத்தை எண்ணினால் காவடி எடுக்க எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது தெரியாது. சேர்க்கை விகிதமும் அப்படித்தான், வாசலில் நின்ற கூட்டத்தின் அளவைத்தான் சொல்கிறது. தாதிப் பயிற்சிக்கு ஒரு கல்லூரியில் நூற்றுக்கு மூன்று பேருக்கே இடம் கிடைக்கும். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கணித ஆனர்ஸுக்கு நூற்றுக்கு அறுபது பேருக்குக் கிடைக்கும். கணித ஆனர்ஸ் எளிது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதற்கு விண்ணப்பிப்பவர்களே ஏற்கெனவே மூன்று ஆண்டு கணிதத்தில் தேறி வந்தவர்கள்.

பல்கலைக்கழகம் முழுவதற்குமான ஒரே எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பெர்க்லியில் 1973-இல் நடந்ததைப் புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ஆண்டு முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த 8,442 ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும், 4,321 பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பெண்களை ஒதுக்குகிறார்கள் என்றே தோன்றும். துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலான துறைகளில் அப்படி ஒதுக்கியதாகவே தெரியவில்லை. துறைவாரி முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் சற்றே பெண்கள் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு பெரிய துறையில் ஆண்களுக்கு 62, பெண்களுக்கு 82. வேறொன்றில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 7. பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தது இடம் குறைந்த துறைகளுக்கு; ஆண்கள் அதிகமாக விண்ணப்பித்தது இடம் தாராளமாக இருந்த துறைகளுக்கு. மொத்தமாகக் கூட்டியதும் படம் தலைகீழாகிவிட்டது. இங்கேயும் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்துப் பொறியியலையும், எட்ஜ்வுட் வளாகத்து ஆசிரியர் பயிற்சியையும், மருத்துவத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறி எடுத்த சதவீதத்தால் எந்தப் பிள்ளைக்கும் பயனில்லை.

மருத்துவத்தில் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் நெல்சன் மண்டேலா மருத்துவப் பள்ளி தன் இடங்களை இன வாரியாகவும், வசதி குறைந்த பள்ளிகளுக்கென ஒரு பங்கும் பிரித்தே நிரப்புகிறது. அது சரியா தவறா என்ற வாதத்துக்கு இந்தக் கடிதத்தில் நாங்கள் இறங்கவில்லை. கணக்குக்கு வருவோம்: உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் போட்டியிடுகிறாரோ, அந்தப் பிரிவின் இடங்களை அந்தப் பிரிவின் விண்ணப்பதாரர்களால் வகுத்தால்தான் பொருள் உண்டு. மொத்த விகிதம் அங்கே யாருடைய வாய்ப்பையும் சொல்வதில்லை.

அடுத்து, படித்தவர்களே விழும் குழி ஒன்று. ‘ஒவ்வொன்றிலும் நூற்றுக்குப் பத்து வாய்ப்பு, பத்து இடத்துக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்க 65 சதவீத வாய்ப்பு’ என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். 0.9-ஐப் பத்து முறை பெருக்கி, 1-லிருந்து கழித்தால் 0.65 வருவது உண்மைதான். ஆனால் பத்து முடிவுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால் மட்டுமே அந்தப் பெருக்கல் செல்லும். பத்து அலுவலகமும் பார்ப்பது அதே மதிப்பெண் பட்டியலை. கணிதத்தில் 58 எடுத்த பிள்ளைக்கு, 60 கேட்கும் பத்துத் துறையும் ஒரே காரணத்துக்காக இல்லை என்று சொல்லும். அங்கே வாய்ப்பு 65 அல்ல, பூஜ்யம். அதனால் ஆறு வரியையும் ஒரே உயரத்தில் நிரப்பாமல், முதல் இரண்டு ஆசைக்கும், நடு இரண்டு மதிப்பெண்ணுக்குப் பொருந்தியும், கடைசி இரண்டு மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் கிடைக்கக்கூடியதாகவும் வையுங்கள். கடைசி இரண்டும் பிள்ளை உண்மையிலேயே படிக்கச் சம்மதிக்கும் படிப்பாக இருக்கட்டும். விருப்பமில்லாததை எழுதிவைத்து, அதுவே கிடைத்துவிட்டால் வீட்டில் சண்டைதான்.

பிறகு எதைத்தான் பார்ப்பது? மதிப்பெண் எல்லையைப் பாருங்கள். நம் நாட்டில் பெரும்பாலான துறைகள் ஏபிஎஸ் என்ற புள்ளிக் கணக்கில் வரிசைப்படுத்துகின்றன. 80-களுக்கு 7 புள்ளி, 70-களுக்கு 6, 60-களுக்கு 5, 50-களுக்கு 4, அப்படியே இறங்கி 30-க்குக் கீழே 1. ஆங்கிலம் 72, கணிதம் 68, இயற்பியல் அறிவியல் 65, உயிரியல் 74, ஆஃப்ரிகான்ஸ் 61, புவியியல் 78 எடுத்த பிள்ளைக்கு 6, 5, 5, 6, 5, 6 சேர்ந்து 33. லைஃப் ஓரியண்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்தை குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதில்லை. அதில் வாங்கிய 85-ஐக் கூட்டிக்கொண்டு ‘எங்களுக்கு 40’ என்று மகிழ்வது வீண். விட்ஸில் அதற்கும் கொஞ்சம் புள்ளி உண்டு, ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் கூடுதல் புள்ளியும் உண்டு. கேப்டவுன் சதவீதங்களை அப்படியே கூட்டுகிறது: இதே பிள்ளைக்கு அங்கே 600-க்கு 418. ஓரிடத்து எல்லையை இன்னோரிடத்துப் புள்ளியோடு ஒப்பிடக்கூடாது.

கையேட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஏபிஎஸ் உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு மட்டுமே. 30 என்று அச்சிட்டிருக்கும் துறையில் கடைசியாக இடம் பெற்றவர் 36-இல் நின்றிருக்கலாம். துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி, ‘சென்ற ஆண்டு கடைசியாக ஃபெர்ம் ஆஃபர் பெற்றவரின் புள்ளி என்ன, முதலாண்டு இடம் எத்தனை, விருப்ப வரிசையைப் பார்க்கிறீர்களா’ என்று மூன்றே கேள்வி கேளுங்கள். சில துறைகள் பதில் சொல்லும், சில சொல்லாது. கேட்பதில் தவறில்லை. அந்தக் கடைசிப் புள்ளிக்கு மேலே உங்கள் பிள்ளை இரண்டு மூன்று புள்ளி இருந்தால், பத்திரிகை நூற்றுக்கு நாலு என்று சொன்னாலும் முதல் விருப்பமாக வைக்கலாம். நான்கு புள்ளி கீழே இருந்தால், நூற்றுக்கு நாற்பது என்று சொன்னாலும் அதை நம்பி மற்ற வரிகளைக் காலியாக விடக்கூடாது.

என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு உதவித்தொகைக்கு ஒப்புதல் கிடைப்பது வேறு, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது வேறு. ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் உள்ள குடும்பங்கள் இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றோடு நின்றுவிடுவது இன்னும் நடக்கிறது.

தனியார் கல்லூரிகளும் முகவர்களும் ‘எங்கள் மாணவர்களில் 95 சதவீதம் பேருக்கு இடம்’ என்று போடும் விளம்பரத்தையும் மேலே யார், கீழே யார், எந்தத் தேதி என்ற அந்த மூன்று கேள்வியால் சோதியுங்கள். எந்த மாணவர்கள்? பணம் கட்டிச் சேர்ந்த எல்லாருமா, கடைசிவரை நின்றவர்களா? எங்கே இடம்? விருப்பப்பட்ட இடத்திலா, ஏதோ ஓரிடத்திலா? மெட்ரிக் தேர்ச்சி விகிதமே இதற்குத் தப்பவில்லை. தேர்வு எழுதியவரால் வகுத்தால் 2024-க்கு 87.3 சதவீதம், இரண்டு ஆண்டுக்கு முன் பத்தாம் வகுப்பில் இருந்தவரால் வகுத்தால், இடையில் நின்றுபோனவர்களும் கணக்கில் வந்து, வெகுவாக இறங்கிவிடும்.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. சேர்க்கைச் செய்தியில் சதவீதத்தை மட்டும் போடாமல், அது வந்த எண்களையும் போடுங்கள். மேலே உள்ள கற்பனைத் துறைக்கு அப்படி எழுதினால் இரண்டு வரிதான்: ‘பிப்ரவரி நிலவரம். முதலாண்டு இடம் 100. துறையைக் குறித்தவர் 6,000. தகுதியான முழு விண்ணப்பம் 3,600. கடிதம் பெற்றவர் 250. பதிவு செய்தவர் 100.’ இந்த ஐந்தில் ஒன்றைப் பல்கலைக்கழகம் தர மறுத்தால், அந்த இடத்தில் ‘தரவில்லை’ என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி இறுதி மாணவர்களின் விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.